தொலைபேசி மேசையில் இருந்த நோட்டு

சென்னையில் 17 ஆண்டுகள் மென்பொருள் சோதனைத் துறையில் வேலை பார்த்துவிட்டு, பெற்றோருக்குத் துணையாக இருக்க வேண்டிக் காரைக்குடிக்குத் திரும்பினேன். 2025 பிப்ரவரியில், செக்காலைப் பகுதியில் இயங்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் உரிமையாளர் என்னை அழைத்தார். ஏறத்தாழ முப்பது பேர் வேலை செய்யும் இடம் அது. நகை அடகுக் கடைகளுக்கும், நகைக்கடன் கொடுக்கும் நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும், சிறு நிதி நிறுவனங்களுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார்கள். "தம்பி, புது வெர்ஷன் போட்ட மறுநாள் காலையில போன் அடிச்சாலே நெஞ்சு படபடங்குது. எங்க டெஸ்டிங் எந்த நிலையில இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க, எப்படிச் சரி பண்றதுன்னும் சொல்லுங்க" என்றார். அடுத்த ஓராண்டில் நான் செய்த ஒரு பெரிய தவறையும், அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவற்றையும், இத்தகைய சிறு நிறுவனங்களில் சோதனைப் பொறுப்பைச் சுமப்பவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் எனக்குப் பழக்கமான வழியிலேயே இறங்கினேன். ஒரு நிறுவனத்தின் சோதனைத் திறனை அளப்பதற்கென்று டிஎம்எம்ஐ (Test Maturity Model integration) என்ற முதிர்ச்சி மாதிரி உண்டு. 1990களில் அமெரிக்காவின் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ஒரு மாதிரியின் வழியில் வந்தது. அதில் ஐந்து நிலைகள் உள்ளன. எந்த ஒழுங்கும் இல்லாமல், ஆளைப் பொறுத்துச் சோதனை நடப்பது முதல் நிலை, சோதனைக்கென்று கொள்கையும் திட்டமும் கண்காணிப்பும் தனிச் சூழலும் இருப்பது இரண்டாம் நிலை, நிறுவனம் முழுவதற்கும் ஒரே வரையறுத்த முறையும், பயிற்சியும், சக பணியாளர் மறுஆய்வும் இருப்பது மூன்றாம் நிலை, அளவீடு நான்காவது, பிழை வராமலே தடுப்பதும் இடைவிடாது மேம்படுத்துவதும் ஐந்தாவது. அந்தக் கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசினேன். எழுத்தில் கொள்கை இருக்கிறதா என்றால் இல்லை. திட்டம் இருக்கிறதா என்றால் இல்லை. தனிச் சோதனைச் சூழல் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. நீங்கள் முதல் நிலையில் இருக்கிறீர்கள் என்று அறுபது பக்கத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

உரிமையாளர் அதை முழுவதும் படித்தார். படித்து முடித்த மறுநாள் என்னை அழைத்து, "எல்லாம் சரிதான் தம்பி. நாளைக்குக் காலையில ஆபீஸைத் திறந்ததும் எதை முதல்ல மாத்தணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டாம் நிலைக்குப் போவதற்கு அந்த நிலையின் எல்லாப் பகுதிகளையும் நிறைவு செய்ய வேண்டும் என்பது மாதிரியின் விதி. ஆனால் மூன்றே சோதனையாளர்கள் உள்ள ஓர் இடத்தில், கொள்கை ஆவணத்தை முதலில் எழுதுவதா, புதிய கணினி வாங்குவதா என்று என் அறிக்கையைப் படித்து எவராலும் முடிவு செய்ய முடியாது. மாதிரியில் குற்றம் இல்லை. நோயைக் கேட்காமல் உயரத்தையும் எடையையும் மட்டும் எழுதிக் கொடுத்ததுதான் என் தவறு.

அன்று மாலை புறப்படும்போது வாசலை ஒட்டியிருந்த தொலைபேசி மேசையைக் கடந்தேன். வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் அக்கா அங்கே பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறார். மூன்று வாரம் நான் பேட்டி எடுத்தவர்களில் அவர் இல்லை. சோதனைப் பிரிவில் அவர் பெயர் இல்லாததால் என் பட்டியலிலும் இல்லை. அவர் முன்னால் கடைகளில் வைத்திருப்பது போன்ற நீளமான கணக்கு நோட்டு ஒன்று திறந்திருந்தது. தேதி, கடை, அவர்கள் சொன்ன குறை, இவர் சொன்ன பதில், பிறகு அது சரியானதா என்று ஐந்து பத்தி போட்டு, ஒவ்வோர் அழைப்பையும் எழுதி வைத்திருந்தார். அலமாரியில் அதே போல இன்னும் பல நோட்டுகள் இருந்தன. டெவலப்பர்களுக்கு மென்பொருளில் போடும் புகாரில் "வட்டி தப்பு" என்ற இரண்டு சொல்தான் போகும். நோட்டில் எந்தக் கடனுக்கு, எந்தத் தேதியில் வைத்து எந்தத் தேதியில் மீட்ட நகைக்கு, எத்தனை ரூபாய் கூடியது என்று முழு விவரமும் இருந்தது.

மறுநாளிலிருந்து வேலையை வேறு விதமாகத் தொடங்கினோம். கடைசி ஆறு மாத நோட்டிலிருந்து, பயிற்சி பற்றிய சாதாரணக் கேள்விகளைத் தள்ளிவிட்டு, உண்மையான குறை ஒவ்வொன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினோம். அக்கா, மூன்று சோதனையாளர்கள், இரண்டு டெவலப்பர்கள், நான் என்று ஒரு பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டோம். இந்தப் பிழையை வாடிக்கையாளர் பார்க்கும் முன் எந்த இடத்தில், எவர், எந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பிடித்திருக்கலாம்? தேவையைக் கேட்டு வாங்கும்போதா, டெவலப்பரின் மேசையிலா, சோதனையிலா, கடையில் போய் நிறுவும்போதா? அந்த நான்கு இடங்களுக்கும் நான்கு குவியல். இரண்டு நாளில் முடிந்தது.

நாங்கள் எல்லோருமே மூன்றாவது குவியல்தான் பெரிதாக இருக்கும் என்று எண்ணியிருந்தோம். சோதனையாளர்கள் சோர்ந்த முகத்தோடுதான் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் முதல் குவியல்தான் மற்ற மூன்றையும்விடப் பெரிதாக நின்றது. சோதனையாளர்கள் தங்களிடம் சொல்லப்பட்டதை ஒழுங்காகவே சோதித்திருந்தார்கள். சொல்லப்படாததைச் சோதிக்க அவர்களிடம் வழி இல்லை. நிறுவனத்தின் சோதனைத் திறனை மதிப்பிடப் போகிறவர்கள், சோதனைப் பிரிவின் கதவைத் தட்டும் முன் வாடிக்கையாளரின் குறைகளை இப்படிக் குவித்துப் பார்க்க வேண்டும் என்பது அன்றிலிருந்து என் உறுதியான கருத்து.

அந்த முதல் குவியலில் இருந்த ஒரு சீட்டைச் சொல்கிறேன். அடகு வைத்த நாள், மீட்ட நாள் இரண்டையும் வட்டிக்கு எடுப்பதா, ஒன்றை விடுவதா? மென்பொருள் ஒன்றை விட்டுவிட்டது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கடை ஒன்று இரண்டையும் எடுக்கும் வழக்கம் உடையது. வேறொரு கடையில் மாதம் பாதியில் மீட்டாலும் முழு மாத வட்டி. இந்த மூன்று வழக்கமும் அக்காவுக்குத் தெரியும். எந்தக் கடைக்கு எது என்பதும் அவருக்குத் தெரியும். எழுத்தில் எங்கும் கிடையாது. சோதனையாளர் எதிர்பார்க்கும் விடையை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டேன். மென்பொருளின் முந்தைய வெர்ஷன் காட்டிய தொகையையே சரியான விடையாக வைத்துக்கொண்டு ஒப்பிட்டிருந்தார். பழைய பிழை புதிய வெர்ஷனிலும் அப்படியே இருந்தால் சோதனை "சரி" என்றுதான் சொல்லும்.

ஆகவே சரியான விடையை மென்பொருளுக்கு வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. செட்டிநாட்டில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. வட்டிச்சிட்டையும் ஐந்தொகையும் (வட்டிக் கணக்கும் இருப்புநிலைக் கணக்கும்) புழங்கிய ஊர் இது. ஒரு பழைய நிதிக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், வாரத்தில் இரண்டு காலை வந்து உட்கார இசைந்தார். நாங்கள் கடன் தொகை, வட்டி விகிதம், தேதிகள் ஆகியவற்றை மட்டும் கொடுப்போம். அவர் திரையைப் பார்க்காமல், தாளில் கணக்குப் போட்டு விடையை எழுதிக் கொடுப்பார். 2024 பிப்ரவரி 29ஆம் தேதியைக் கடந்து செல்லும் கடன்கள், பைசா முழுமையாக்கும் இடங்கள், பகுதி அசல் கட்டிய கடன்கள் என்று அவர் போட்டுக் கொடுத்த கணக்குகள் எங்கள் முதல் நம்பகமான சோதனை அட்டவணை ஆயின. எந்தக் கருவியையும்விட அந்தத் தாள்கள்தான் அந்த ஆண்டில் அதிகப் பயன் தந்தன.

இதற்கிடையில் ஜூன் 6ஆம் தேதி, தங்கம், வெள்ளி நகைகளின் பேரில் கொடுக்கும் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1க்குள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அவற்றுக்கு மாற வேண்டியிருந்தது. அதுவரை பொதுவாக 75 விழுக்காடு என்றிருந்த உச்சவரம்புக்குப் பதிலாக, நுகர்வுத் தேவைக்கான கடன்களில் ஒருவரின் மொத்தக் கடன் 2.5 லட்சம் வரை இருந்தால் நகை மதிப்பில் 85 விழுக்காடு, அதற்கு மேல் 5 லட்சம் வரை 80 விழுக்காடு, அதற்கும் மேல் 75 விழுக்காடு என்று மூன்று படிகள் வந்தன. இம்முறை ஒரு வரி நிரலும் எழுதும் முன், அக்காவையும் சோதனையாளர்களையும் ஒரு டெவலப்பரையும் வாடிக்கையாளர் வங்கி ஒன்றின் நகை மதிப்பீட்டாளரையும் ஒன்றாக உட்கார வைத்தோம். விதியைப் பற்றி விவாதிக்கக் கூடாது, எடுத்துக்காட்டுகளை மட்டும் எழுத வேண்டும் என்று சொன்னேன்.

எல்லைகளைத்தான் சோதிக்க வேண்டும் என்பது சோதனைக் கலையின் அரிச்சுவடி. 2,50,000; 2,50,001; 5,00,000; 5,00,001 என்று எல்லோரும் உடனே எழுதிவிட்டார்கள். அதற்கு அடுத்த எடுத்துக்காட்டில்தான் மேசை அமைதியானது. நகையின் மதிப்பு 3,00,000 ரூபாய். வாடிக்கையாளர் கிடைக்கும் அளவு அதிகமாக வேண்டும் என்கிறார். எவ்வளவு கொடுக்கலாம்? 85 விழுக்காடு என்றால் 2,55,000. அது 2.5 லட்சத்தைத் தாண்டுவதால் அடுத்த படிக்குப் போய் 80 விழுக்காடு போட்டால் 2,40,000. டெவலப்பர் மனத்தில் வைத்திருந்த விடை 2,40,000தான். மதிப்பீட்டாளர் தலையை ஆட்டினார். "ரெண்டரை லட்சம் கொடுத்தா அது முதல் படியிலதானே தம்பி இருக்கு? மூணு லட்சத்துல ரெண்டரை லட்சம் 85க்குள்ளதானே வருது?" என்றார். 83.33 விழுக்காடு. சரியான விடை 2,50,000. அதாவது நகை மதிப்பு ஏறத்தாழ 2,94,118 ரூபாயிலிருந்து 3,12,500 ரூபாய் வரை எதுவாக இருந்தாலும் உச்சக் கடன் 2,50,000 என்று ஒரே இடத்தில் நிற்கும். 5 லட்சம் எல்லையிலும் 6,25,000க்கும் 6,66,666க்கும் இடையில் இதே போல நிற்கும். விதியை வாசித்தால் கண்ணில் படாத இந்த இடைவெளி, எடுத்துக்காட்டாக எழுதிய உடனே தெரிந்தது. நிரல் எழுதிய பின் பிடித்திருந்தால் இது ஒரு பிழை. வெளியான பின் என்றால், ஒவ்வொரு கிளையிலும் வாடிக்கையாளருக்குப் பத்தாயிரம் ரூபாய் குறைத்துச் சொல்லும் அவமானம்.

அதே மேசையில் இன்னும் இரண்டு வெளிவந்தன. வரம்பு ஒருவரின் மொத்தக் கடனுக்கு என்பதால், ஏற்கெனவே 2 லட்சம் வாங்கியவர் இன்னொரு லட்சத்துக்கு வந்தால் புதிய கடனைத் தனியாகப் பார்க்கக் கூடாது. முதிர்வில் அசலையும் வட்டியையும் ஒரே தவணையில் கட்டும் கடன்களில், நகை மதிப்பில் கடன் எத்தனை விழுக்காடு என்பது முதிர்வில் திரும்பக் கட்ட வேண்டிய மொத்தத் தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 1,25,000 ரூபாய் நகைக்கு 85 விழுக்காடு 1,06,250. ஓராண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் 1,00,000 ரூபாய் கேட்டால், வெறும் அசலாகப் பார்க்கையில் இடம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் முதிர்வுத் தொகை 1,12,000 என்பதால் கொடுக்க முடியாது. 94,866 ரூபாய் வரைதான் முடியும். இதோடு, தமிழ்நாடு அடகுக் கடைக்காரர்கள் சட்டம், 1943இன் கீழ் உரிமம் பெற்றிருக்கும் தனியார் கடைகளுக்கு ரிசர்வ் வங்கியின் இந்த நெறிமுறை பொருந்தாது என்பதால், ஒரே மென்பொருளில் எந்தக் கடை எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறது என்ற அமைப்பையும் தனியாகச் சோதிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது முறை திறனை மதிப்பிடும்போது சோதனை முறையை மேம்படுத்துவதற்கான டிபிஐ நெக்ஸ்ட் (TPI Next) என்ற மாதிரியைத் தழுவிக்கொண்டேன். அதில் 16 பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்கலாம். ஒரு பகுதியில் முன்னேறியும் மற்றொன்றில் பின்தங்கியும் இருப்பதை அது மறைக்காமல் காட்டும். சிறு நிறுவனத்துக்கு இதுவே ஏற்றது என்பது என் அனுபவம். 16ஐயும் எடுக்காமல், எங்கள் நான்கு குவியல்கள் எவற்றைச் சுட்டினவோ அவற்றை மட்டும் எடுத்தோம். பிழைகளை எப்படிக் கையாள்கிறோம், சோதனைகளை எப்படி வடிவமைக்கிறோம், சோதனைச் சூழல், சோதனையாளரின் தொழிலறிவு ஆகிய நான்கும் முதலில். மற்றவை காத்திருக்கலாம்.

சோதனைச் சூழலில் கண்டது எனக்கு வருத்தம் தந்தது. கடைகளின் உண்மையான தரவுத்தளத்தை அப்படியே நகலெடுத்து, அதில்தான் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நகை அடகு வைப்பது குடும்பத்தின் மானம் சார்ந்த விஷயம். பெயரும் கைபேசி எண்ணும் அதில் அப்படியே கிடந்தன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே இயற்றப்பட்டுவிட்டது. ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் இது கூடாது. பெயர், எண், முகவரி மூன்றையும் மாற்றி எழுதும் சிறு நிரல் ஒன்றை ஒரு வாரத்தில் எழுதினார்கள். அப்படி மாற்றும்போது கற்பனைப் பெயர்களைத் திட்டமிட்டே சிக்கலானவையாக வைத்தோம். எங்கள் பக்கத்தில் விலாசம் (பெயருக்கு முன் வரும் இனிஷியல்) என்பது ஓர் எழுத்தில் முடிவதில்லை, "சித.பழ.ராம." என்று நீளும். இனிஷியல் புலம் இரண்டு எழுத்தைத்தான் ஏற்றது. தமிழ்ப் பெயர்களின் நீளத்தையும் டெவலப்பர்கள் தவறாக எண்ணியிருந்தார்கள். "மீனாட்சி" கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் எட்டுக் குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 24 பைட்டுகள். பைட்டை எண்ணிப் பெயரை வெட்டியதால், நீளமான பெயருள்ளவர்களின் ரசீதில் கடைசி எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி அச்சானது. நகையை மீட்க வரும் முதியவர், தன் பெயர் சரியாக இல்லாத ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்பதை அக்கா பலமுறை தொலைபேசியில் கேட்டிருக்கிறார். பெரும்பாலான கடைகளில் இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் என்பதால், அப்படி ஒன்றை வாங்கிச் சோதனை மேசையிலேயே வைக்கச் சொன்னேன்.

சோதனைகளைக் கணினியே தானாக ஓட்டும் ஆட்டோமேஷனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எனக்கு முன்பே ஒருவர் திரையில் பொத்தான்களை அழுத்தும் சோதனைகளை எழுதி வைத்திருந்தார்; திரை மாறும் ஒவ்வொரு முறையும் அவை உடைந்ததால் கைவிடப்பட்டிருந்தன. கணக்கப்பிள்ளை ஐயாவின் அட்டவணையைத் திரையைத் தொடாமல், கணக்கிடும் பகுதிக்கு நேராகக் கொடுத்து ஒவ்வோர் இரவும் ஓட வைத்தோம். அது உடையவில்லை.

அளவீட்டில்தான் உரிமையாளருக்கும் எனக்கும் ஒருமுறை கருத்து வேறுபட்டது. கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பிழைக்கும் சோதனையாளருக்கு ஊக்கத்தொகை கொடுக்க விரும்பினார். அவர் எண்ணம் நல்லதுதான். ஒரு மாதம் நடந்தது. எழுத்துப் பிழைகளும் நிற வேறுபாடுகளும் நூற்றுக்கணக்கில் பதிவாயின. அவற்றை மறுத்து வாதிடுவதிலேயே டெவலப்பர்களின் நாள் கழிந்தது. வட்டிக் கணக்கைத் தோண்டிப் பார்க்க எவருக்கும் நேரம் இல்லை. உரிமையாளரிடம் பேசி அதை நிறுத்தினோம். அதற்குப் பதிலாக ஒரே ஓர் அளவை வைத்துக்கொண்டோம். ஒரு வெளியீட்டில் தெரியவந்த மொத்தப் பிழைகளில் எத்தனை விழுக்காடு வெளியாவதற்கு முன்பே பிடிபட்டது என்பதே அது. உள்ளே 80, வெளியே 20 என்றால் 80 விழுக்காடு. இதை ஆள் வாரியாகக் கணக்கிடவே கூடாது, வெளியான மூன்று மாதம் கழித்துத்தான் கணக்கிட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை நான் வைத்தேன். வெளியான வாரத்தில் பார்த்தால் எண் எப்போதும் அழகாகவே இருக்கும்; ஆண்டு முடிவில் நகையை மீட்க வரும்போதுதான் வட்டிப் பிழை தெரியும்.

எல்லாமே நன்றாக நடந்துவிடவில்லை. டெவலப்பர்கள் ஒருவர் நிரலை ஒருவர் படித்துப் பார்க்கும் வழக்கத்தை ஜூலையில் தொடங்கி, தீபாவளி நெருக்கத்தில் விட்டுவிட்டார்கள். ஒரே நேரத்தில் பல கிளைகள் இயங்கும்போது மென்பொருள் தாங்குமா என்ற சோதனையை இன்றுவரை தொடவில்லை. மறுமதிப்பீட்டில் அந்த இரண்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன.

2026 மார்ச்சில், புதிய நெறிமுறைக்கான வெர்ஷன் வெளியாக வேண்டிய வாரத்தில், அக்கா தன் மகளின் திருமணத்துக்காகப் பதினைந்து நாள் விடுப்பில் போனார். முந்தைய ஆண்டாக இருந்தால் உரிமையாளர் வெளியீட்டைத் தள்ளி வைத்திருப்பார். இம்முறை குறித்த நாளிலேயே போட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு வங்கிக் கிளையிலிருந்து அழைப்பு வந்தது. பழைய கடனை முடித்து, அதே நகையை அதே நாளில் கூடுதல் தொகைக்கு மாற்றி வைக்கும் வாடிக்கையாளருக்கு, மென்பொருள் பழைய கடனையும் மொத்தத்தில் சேர்த்துக்கொண்டு மறுக்கிறது. எங்கள் அட்டவணையில் அப்படி ஒரு வரி இல்லை. சோதனையாளர்களில் இளையவரான பெண் அக்காவின் நோட்டைத் திறந்து, அதே ஐந்து பத்தியில் தேதியையும் கிளையையும் குறையையும் எழுதினார். கிளை மேலாளரிடம் தொகைகளைக் கேட்டு வாங்கி, தாளில் கணக்குப் போட்டு, பழைய கடனை முடித்த பிறகே புதிய மொத்தம் கணக்காக வேண்டும் என்று டெவலப்பரிடம் காட்டினார். மாலைக்குள் திருத்தம் போனது. அன்றிரவு ஓடிய அட்டவணையில் அது கடைசி வரியாகச் சேர்ந்திருந்தது.